அம்மன் பெருத்த வருஷம்

பூலாங்கரை பசியாற்றி அம்மன் பெருத்துவிட்டாள் என்பது சித்திரை முதல் நாள் காலையில், வெள்ளிக் கவசம் சாத்தும்போது தெரிந்தது. முன்பாதி ஒன்று, பின்பாதி ஒன்று, இடுப்புக்கு இரண்டு பக்கமும் கொக்கியில் வந்து சேர வேண்டிய கவசம் அது. பூசாரி குற்றாலம் பண்டாரம் அழுத்திப் பார்த்தார், தோள் கொடுத்துத் தள்ளிப் பார்த்தார், "தாயே, கொஞ்சம் வயித்த எக்கிக்கிடும்" என்று காதோடு கெஞ்சியும் பார்த்தார். கொக்கி கொக்கியாக நின்றது, வளையம் வளையமாக நின்றது, நடுவில் அம்மனின் கருங்கல் இடுப்பு பளபளவென்று பிதுங்கி நின்றது. வெளியே வந்து மேளத்தை நிறுத்தச் சொல்லி, "அம்மைக்குக் கவசம் பத்தல" என்றார். கூட்டம் கொஞ்சம் யோசித்தது. "பெறவு? இந்தத் தீனிக்கு யாருக்குத்தான் பத்தும்?" என்று யாரோ ஒருத்தி கேட்டாள். எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது, மேளம் மறுபடி தொடங்கியது.

கல் எப்படிப் பெருக்கும் என்று கேட்டவர் ஊரிலேயே ஒரே ஒருவர்தான். அவரும் வெளியூர் மாப்பிள்ளை, அதனால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஊருக்குக் காரணம் தெரியும். பிள்ளை பாஸானால் அம்மனுக்கு நெய், பொண்ணுக்கு வரன் அமைந்தால் வெல்லம், வழக்கு ஜெயித்தால் முந்திரி, மாடு பிழைத்தால் மறுபடியும் நெய் என்று நேர்ந்துகொள்வது பூலாங்கரை வழக்கம். அப்படி வந்தது எதையும் விற்கக்கூடாது, வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது, மறுநாளைக்கு வைக்கக்கூடாது, வந்ததெல்லாம் அன்றைக்கே சர்க்கரைப் பொங்கலில் விழுந்தாக வேண்டும் என்பது கோயிலின் சட்டம். பிள்ளைகள் ஒழுங்காகப் பாஸாகத் தொடங்கிய காலத்திலிருந்து பொங்கலில் அரிசியைத் தேடவேண்டியதாயிற்று. அம்மன் மனம் கோணாமல் எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டாள், ஊரும் இலைத்தொன்னையில் வாங்கி வழித்துத் தின்றது, ஊருக்கும் தொப்பை வந்தது.

அந்தப் பொங்கலைப் பொங்குகிறவள் சண்முகவடிவு. கல்யாணமாகி வந்த புதிதில் மடைப்பள்ளிக்குள் நுழைந்தவள், இப்போது பேரன் எடுத்துவிட்டாள். அகன்ற உடம்பு, சிரித்தால் தோள் வரைக்கும் குலுங்கும். அம்மனுக்குப் படைப்பதை ருசி பார்க்கக்கூடாது, மோந்துகூடப் பார்க்கக்கூடாது; ஆகவே மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு துண்டால் கட்டிக்கொண்டு, கண்ணாலும் கையாலும் மட்டுமே சமைப்பாள். அதே தெருவில் இன்னொரு வடிவு இருந்ததால் சின்ன வயதில் இவளைக் 'குண்டு வடிவு' என்றார்கள். அந்த அடுப்புக்கு வந்த பிறகுதான் 'அம்மைக்குப் பொங்குத வடிவக்கா' ஆனாள். வீடு இருந்தது, லாரி ஓட்டும் புருஷன் இருந்தான், ஒன்றுக்கும் குறைவில்லை. ஆனாலும் அந்த அடுப்பு போனால் தான் மறுபடி குண்டு வடிவுதான் என்று அவளுக்குத் தெரியும்.

அம்மன் பெருத்ததில் வடிவுக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் இருந்தது என்பதை மறைப்பானேன். பீடத்தின் மேலே, மாலையும் தீபமுமாக, தன்னைப் போலவே ஒருத்தி நிற்பதை அவள் அதற்குமுன் எங்கே பார்த்தாள்? அவள் மட்டுமல்ல, பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் பருத்த பெண்கள் பஸ் பிடித்து வந்தார்கள், சன்னிதியில் நெடுநேரம் நின்றார்கள், வேண்டிக்கொள்ள ஒன்றுமில்லாமல் சும்மா பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். தையல்காரர்கள் வந்து அம்மன் பாவாடைக்குப் புது அளவு எடுத்தார்கள். மாலை கட்டுகிறவர் ஒரு முழம் கூட்டிக் கட்டினார்.

ஆனால் மூச்சு என்று ஒன்று இருந்தது. நடை சாத்திய மத்தியான வேளையில், கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, மாடியேறி வந்தவர்கள் வாங்குகிற மூச்சு கேட்டது. நாள் போகப் போக அது பூசை நேரத்திலும் கேட்டது, தீபத்தின் சுடர் அந்த மூச்சுக்கு முன்னும் பின்னும் ஆடியது. அந்தச் சத்தம் வடிவுக்கு மிகவும் பழக்கமான சத்தம். மடைப்பள்ளிப் படி ஏறி வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அவளுடைய நெஞ்சிலிருந்தும் அதேதான் வந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

தர்மகர்த்தா ஆவுடையப்பன் கமிட்டியைக் கூட்டினார். ஒடிசலான மனிதர், தான் ஒல்லியாக இருப்பது தன்னுடைய கெட்டிக்காரத்தனம் என்று நம்புகிறவர். அந்த வெள்ளிக் கவசம் அவருடைய அப்பா செய்துபோட்டது, ஆகவே அது சேராதது அவருக்குக் குடும்பத்துக்கே நேர்ந்த அவமானமாக இருந்தது.

"சமைக்கவளோட உடம்பப் பாத்தாலே தெரியல? இவ கைய வச்சா கல்லும் ஊதும்" என்றார். கமிட்டி சிரித்தது. வடிவு அங்கேதான் நின்றாள், அவளும் சேர்ந்து சிரித்தாள், சிரித்துப் பழகியிருந்தாள்.

முடிவு இதுதான்: அம்மனுக்குப் பத்தியம். பொங்கல், வடை, புளியோதரை எல்லாம் நிறுத்தம். காலையில் ஓட்ஸ் கஞ்சி, உப்பில்லாமல், மத்தியானம் வெள்ளரிக்காய், சாயங்காலம் மறுபடி வெள்ளரிக்காய். ஆடிக் கடைசி வெள்ளிக்குள் கவசம் சேர்ந்தாக வேண்டும். "சேரலன்னா மடைப்பள்ளிக்கு வேற ஆளு பாத்துக்கிடுவோம், வடிவு. மனசுல ஒண்ணும் வச்சுக்கிடாத" என்று ஆவுடையப்பன் முடித்தார்.

அம்மன் பத்தியத்தில் இருக்கும்போது ஊர் எப்படி வாய் நிறையத் தின்னும்? புரோட்டாக் கடைக்காரர் கல்லைக் கவிழ்த்துவைத்துவிட்டு ஓட்ஸ் உப்புமா போர்டு மாட்டினார். கல்யாணப் பந்தியில் இலை நிறைய வெள்ளரிக்காய் வைத்தார்கள், அதில் இரண்டு சம்பந்தி வீட்டார் பேச்சுவார்த்தையை முறித்துக்கொண்டார்கள். பஸ் கண்டக்டர்கள் சில்லறைக்கு அடிதடி வரை போனார்கள், வாத்தியார்கள் காரணமில்லாமல் வீட்டுப்பாடம் கொடுத்தார்கள், புருஷன்மார் பெண்டாட்டிமார் முகம் பார்ப்பதை நிறுத்தினார்கள். மத்தியானத்தில் அம்மனின் வயிறு உறுமுகிற சத்தத்தில் பிரகாரத்து மணிகள் தானாகக் கிணுகிணுத்தன. மூச்சு வாங்குவது மட்டும் குறையவே இல்லை, இடுப்பும் ஒரு நூல்கூட இறங்கவில்லை.

வடிவும் அம்மனோடு சேர்ந்து வெள்ளரிக்காய் தின்றாள். ஒருநாள் கண் இருட்டி அடுப்புக்கு முன்னால் சரிந்தாள். நல்ல வேளை, பண்டாரம் ஓடிவந்து பிடித்தார். மறுநாள் காலை அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே சாப்பாட்டு ஆலோசனை சொல்ல ரஹ்மத் நிஷா என்ற பெண் இருந்தாள். மேலத்தெருக்காரி, கோயில் மதிலுக்கு வெளியே நின்று அம்மன் பொங்கலை வாங்கித் தின்று வளர்ந்தவள். அவளும் நல்ல வாட்டசாட்டமான உடம்புதான், நாற்காலி நிறைய உட்கார்ந்திருந்தாள்.

"சொல்லுங்கக்கா, என்ன செய்யுது?"

"எனக்கில்ல தாயி. எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மாவுக்கு. உடம்பு போட்டுட்டு, மூச்சு வாங்குது."

"என்ன வயசிருக்கும்?"

"அது யாருக்கும் தெரியாது."

"நடமாட்டம் உண்டா?"

"கெடையாது. நின்ன எடத்துலயே நிப்பாவ."

"சாப்பாடு?"

"முன்னால தெனம் ஒரு அண்டா சர்க்கரப் பொங்கல். இப்பக் கொஞ்ச நாளா வெறும் வெள்ளரிக்கா."

நிஷா பேனாவைக் கீழே வைத்தாள். "அக்கா, நம்ம அம்மனா?"

"ஆமா."

"வெள்ளரிக்காயா குடுக்கீய? அந்தப் பாவத்த யாரு செஞ்சா?"

"கமிட்டி."

"சரி, அவங்ககிட்ட அப்புறம் வாரேன். மொதல்ல உங்க கைய நீட்டுங்க" என்று சொல்லி, வடிவு மறுக்க மறுக்க விரலில் குத்தி ரத்தம் எடுத்தாள். சர்க்கரை கூடியிருந்தது, அழுத்தமும் கூடியிருந்தது. வடிவு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். "அப்ப இனிமே எனக்குப் பொங்கலே கெடையாதா?"

"யாரு சொன்னா? இந்த ஊருல பொறந்துட்டுப் பொங்கல விட்டுட்டு எங்கக்கா போவ? அண்டாவுல இருந்து கிண்ணத்துக்கு எறங்கி வாங்கன்னுதான் சொல்லுதேன். அந்தக் கிண்ணமும் கடைசியில வரட்டும். அதுக்கு முன்னால கீர, பயறு, காய்னு வயித்துக்கு வேற வேல குடுங்க. அரிசி மட்டுந்தானா ஊருல வெளையுது, குதிரவாலி எங்க போச்சு? சாயங்காலம் காலாற நடங்க. மாத்திரை தாரேன், விடாம போடணும்."

"இதெல்லாம் செஞ்சா மெலிஞ்சிருவனா?"

நிஷா கொஞ்சம் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னாள். "தெரியாதுக்கா. மெலிஞ்சாலும் மெலியலாம், இப்படியேவும் இருக்கலாம். என்னையப் பாருங்க, நானும் இப்படித்தான் இருக்கேன், மூணு மாடி மூச்சு விடாம ஏறுவேன். உங்களுக்கு மூச்சு வாங்கப்படாது, அம்மனுக்கும் மூச்சு வாங்கப்படாது. எனக்கு அது போதும்."

வடிவுக்கு அது போதவில்லை. அவளுக்குக் கவசம் சேர்ந்தாக வேண்டும், அடுப்பு மிஞ்ச வேண்டும். ஆனாலும் வெள்ளரிக்காயைவிட இது மேல் என்று எழுந்து வந்தாள்.

பண்டாரத்திடம் சொன்னபோது அவர் கையெடுத்துக் கும்பிட்டார். தினமும் வெள்ளரிக்காயை நீட்டி நீட்டி, அம்மன் முகத்தைப் பார்க்க முடியாமல் அவர் கண்ணை மூடிக்கொண்டு பூசை செய்துகொண்டிருந்தார். ஆவுடையப்பனுக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று, மணம்தான் மதில் தாண்டுமே. "என்னமும் பொங்கு. ஆடிக் கடைசி வெள்ளியில கவசம் பேசட்டும்" என்றார்.

முதல் நாள் படையல் படுதோல்வி. உடம்புக்கு நல்லது நல்லது என்று வெந்தயத்தை அள்ளிப் போட்டுக் களி கிண்டியிருந்தாள், ருசி பார்க்கவும் வழியில்லை. படைத்ததும் அம்மனின் உதடு ஒரு பக்கம் கோணியதாகப் பண்டாரம் வந்து சொன்னார், அந்தக் கோணல் நிமிர ஒரு வாரம் ஆயிற்று. அடுத்தது கீரை, அதில் உப்பு இல்லை. அதற்கடுத்தது கானப்பயற்று ரசம், அதாவது கொள்ளு ரசம். அதைப் படைத்துத் திரை போட்டதும் உள்ளே ஓர் ஏப்பம் எழுந்தது பாருங்கள், கருங்கல் ஏப்பம், கோபுரத்துப் புறாக்கள் மொத்தமும் எழும்பி ஊரை ஒரு சுற்று சுற்றி வந்தன. வடிவு மடைப்பள்ளியில் கரண்டியோடு உட்கார்ந்து சிரித்தாள். அன்றிலிருந்து அவள் கைக்குத் தைரியம் வந்தது.

பிறகு வந்தது படையலா அது, வாரம் முழுக்கத் திருவிழா. தேங்காயைக் குறைத்துக் காயைக் கூட்டின அவியல், முருங்கைக்கீரை போட்ட கூட்டாஞ்சோறு, மொச்சையும் கத்தரிக்காயும் கிடந்து வெந்த புளிக்குழம்பு, முளைகட்டின பாசிப்பயறுச் சுண்டல், குதிரைவாலியில் மிளகுப் பொங்கல், சுண்டைக்காய் வற்றல், கம்பங்கூழும் சின்ன வெங்காயமும், எல்லாவற்றுக்கும் கடைசியில், சின்னக் கிண்ணத்தில், ஏலக்காய் மணக்க, ஒரே ஒரு கரண்டி நெய்யோடு அதே சர்க்கரைப் பொங்கல். நேர்ந்துகொள்கிறவர்களிடம் பண்டாரம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: அம்மைக்கு இனி நெய் வேண்டாம், நெய் கிடக்கட்டும், கீரை கொண்டுவாருங்கள், பயறு கொண்டுவாருங்கள். பிள்ளை பாஸானவர்கள் முருங்கைக்கீரைக் கட்டோடு வந்தார்கள், வழக்கு ஜெயித்தவர்கள் மொச்சை மூட்டையோடு வந்தார்கள். புரோட்டாக் கடைக்காரர் கல்லை மறுபடி நிமிர்த்தினார். புரோட்டாவுக்கு முன்னால் ஒரு கிண்ணம் சுண்டல் வைத்தார், அதைத் தின்றவர்கள் புரோட்டாவை இரண்டோடு நிறுத்திக்கொண்டார்கள்.

நடைக்கு என்ன செய்வது என்றுதான் குழப்பம். மூலவர் நடக்க முடியாது. ஆனால் பண்டாரம் ஒரு கணக்குச் சொன்னார்: மூலவருக்கும் உற்சவருக்கும் உடம்பு ஒன்றுதானே, சாயங்காலம் சாயங்காலம் உற்சவரைச் சின்னப் பல்லக்கில் நாலு தெரு சுற்றி எடுத்துவந்தால் அது மூலவருக்கு நடந்த கணக்கில் சேராதா? சேரும் என்று ஊர் ஒப்புக்கொண்டது. அம்மன் நடக்கும்போது ஊர் உட்கார்ந்திருக்க முடியாதே. ஆகவே ஊரே பின்னால் நடந்தது. வடிவு முதல்நாள் முதல் திருப்பத்தோடு நின்றுவிட்டாள். பிறகு இரண்டாவது திருப்பம் வரை போனாள். ஆனி பிறந்தபோது நாலு தெருவும் சுற்றி, பேசிக்கொண்டே வந்து, கோயில் படியில் நிற்காமல் ஏறினாள்.

அப்போதுதான் அவள் அதைக் கவனித்தாள்: உள்ளே சத்தம் இல்லை. கதவில் காதை வைத்துப் பார்த்தாள். அம்மன் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள், மத்தியான உறக்கத்தில் பிள்ளைகள் விடுகிற மூச்சு. கதவிடுக்கில் தெரிந்த தீபச் சுடர் நேராக நின்றது. வடிவின் சர்க்கரையும் இறங்கியிருந்தது, நிஷா பார்த்துவிட்டு அவள் கன்னத்தைக் கிள்ளினாள். எல்லாம் சரிதான். ஆனால் வடிவின் ரவிக்கை அதே அளவில்தான் இருந்தது, பண்டாரம் நூல் பிடித்துப் பார்த்ததில் அம்மனின் இடுப்பும் அதே அளவில்தான் இருந்தது.

ஆடிக் கடைசி வெள்ளி வந்தது. கோயில் கொள்ளாத கூட்டம். பண்டாரம் கவசத்தை எடுத்து வைத்தார், அழுத்தவே இல்லை; பார்த்தாலே தெரிந்தது. கொக்கிக்கும் வளையத்துக்கும் நடுவில் அம்மனின் இடுப்பு முன்போலவே பிதுங்கி நின்றது, முன்னைவிட மினுமினுப்பாகவும் இருந்தது.

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமினார். "பேசுன பேச்சு பேசுனதுதான், வடிவு. கவசம் சேரல. மடைப்பள்ளிச் சாவியக் குடு."

வடிவின் கை இடுப்புச் சாவிக்குப் போனது. அங்கேயே நின்றது. அவளுக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. தனக்காக அவளுக்கு ஒருநாளும் வராத கோபம், அம்மனுக்காக வந்தது.

"அண்ணாச்சி, கிட்ட வந்து காத வச்சுக் கேளுங்க" என்றாள். "மூச்சு வாங்குதா?"

அவர் கேட்டார். கொஞ்சநேரம் கேட்டார். "வாங்கல" என்றார்.

"வயிறு உறுமுதா?"

"இல்ல."

"பெறவு அவியகிட்ட என்ன கொறையக் கண்டிய? நல்லாருக்காவ, நல்லா திங்காவ, நாலு தெரு சுத்துதாவ. உங்க அப்பா அன்னைக்கு அம்மை இருந்த அளவுக்குக் கவசம் செஞ்சாவ. இப்ப இருக்க அளவுக்கு நீங்க செய்யுங்க. துணி பத்தலன்னா துணியத்தானே அண்ணாச்சி வெட்டித் தைப்பாவ, ஆளையா வெட்டுவாவ?"

ஆவுடையப்பனின் முகம் சுருங்கியது. "அப்பா செஞ்சத வெட்டவா சொல்லுத?" என்றார். தர்மகர்த்தாவின் குரல் இல்லை அது, அப்பாவை இழந்த ஒரு பிள்ளையின் குரல். வடிவுக்கு மனசு இளகிவிட்டது.

"வெட்ட வேண்டாம். சேப்போம்" என்றாள்.

சொல்லிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள். பீரோவின் அடித்தட்டிலிருந்து ஒரு ஜோடி வெள்ளிக் கொலுசோடு திரும்பி வந்தாள். கல்யாணத்துக்கு அம்மா போட்ட கொலுசு. மூத்த மகள் பிறந்தபின் கணுக்காலில் பூட்டவில்லை. மெலிந்ததும் போட்டுக்கொள்ளலாம், மெலிந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று வருஷா வருஷம் புளி போட்டுத் துலக்கி, துலக்கி உள்ளே வைத்திருந்தாள். அதை எடுத்து வெள்ளி வேலை செய்யும் சிதம்பர ஆசாரியின் கையில் கொடுத்தாள். "இனிமே இது என் காலுக்கு வராது, ஆசாரி. அம்மை இடுப்புக்கு வரட்டும்" என்றாள். சொன்னபிறகு நெஞ்சு லேசாகிவிட்டது.

கூட்டத்திலிருந்து ஒருத்தி எழுந்து வீட்டுக்குப் போனாள், அவளைப் பார்த்து இன்னொருத்தி, அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர். பூலாங்கரையில் எத்தனை பீரோக்களில், எத்தனை டிரங்குப் பெட்டிகளில், எத்தனை கொலுசும் ஒட்டியாணமும் வங்கியும் என்றைக்கோ மெலியப்போகிற ஒருத்திக்காகக் காத்துக் கிடந்தன என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது. ரஹ்மத் நிஷா ஒரு ஜோடி வளையலை மதிலுக்கு மேலே கை நீட்டிக் கொடுத்தாள். ஆவுடையப்பன் வீட்டம்மா ஒல்லிதான், அவளிடம் சிறுத்துப்போன நகை ஒன்றும் இல்லை. புருஷன் அரையிலிருந்த வெள்ளி அரைஞாணை எல்லோர் முன்னாலும் கழற்றச் சொல்லி வாங்கிக் கொடுத்தாள். அவர் மறு பேச்சுப் பேசாமல் கழற்றிக் கொடுத்துவிட்டு வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஆசாரி பிரகாரத்திலேயே உலையை மூட்டினார். கொலுசுகள் உருகின, உருகி ஒன்றாயின, எது யாருடையது என்று சொல்ல முடியாமல் போயிற்று. அதைத் தகடாகத் தட்டி, கொடியும் பூவும் கீறி, பழைய கவசத்தின் ஒரு கோடும் அழியாமல் இரண்டு பக்கமும் பட்டை வைத்துச் சேர்த்தார். மத்தியானம் தாண்டி, கொக்கி வளையத்துக்குள் 'க்ளுக்' என்று விழுந்தது. ஊர் குலவையிட்டது. அம்மன் அகலமாக, வெள்ளியாக, நிறைவாக நின்றாள்.

ஆவுடையப்பன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். அப்பாவின் வேலையை விரலால் தடவினார், புதுப் பட்டையையும் தடவினார். பிறகு கவலையாகக் கேட்டார்: "ஏன் ஆசாரி, அடுத்த வருசம் இன்னுங் கொஞ்சம் உடம்பு போட்டுட்டாவன்னா?"

"உள்ள கொஞ்சம் மடிச்சு விட்டுத்தான் வச்சிருக்கேன் அண்ணாச்சி. பிரிச்சு விட்டுக்கிடலாம். எளச்சாவன்னா பிடிச்சும் விட்டுக்கிடலாம்" என்றார் ஆசாரி.

ஆவுடையப்பன் சிரித்தார். அவர் சிரித்து ஊர் பார்த்ததில்லை, பல் வரிசையாக நன்றாகவே இருந்தது. வடிவின் பக்கம் திரும்பி, சாவியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "என்ன வடிவு, நின்னுக்கிட்டே இருக்க? பொழுது சாயப்போவுது, போயி அடுப்பப் பத்தவை. அம்மைக்குப் பசிக்கும்லா?" என்றார்.

"அம்மைக்கு மட்டுமா? எனக்கும் நல்ல பசி அண்ணாச்சி, கொலப்பசி" என்றாள் வடிவு. தனக்குப் பசிக்கிறது என்று ஊர் கேட்க அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.